பொருத்தனைக் கார்டில் எவ்வளவு எழுதுவது? விசுவாசமா, விஷப்பரீட்சையா?

ஹொரமாவுக்காரன்
சனி, இரவு 11:20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

பெங்களூரில் எங்கள் சபையில் மாடி கட்டப் போகிறார்கள். தமிழ் ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் கன்னட ஆராதனைக்காரர்கள் வெயிலில் குழந்தைகளோடு வாசலில் நிற்கிறார்கள். இடம் தேவை என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. போன ஞாயிறு பொருத்தனைக் கார்டு கொடுத்தார்கள். தொகையை எழுதி அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று பீடத்தில் வைக்க வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் செலுத்திவிட வேண்டும். என் கார்டு இன்னும் பைபிளுக்குள்தான் இருக்கிறது. ஒரு தடவை பென்சிலில் எழுதி அழித்தும் ஆயிற்று.

என் நிலைமை இது. கைக்கு வரும் சம்பளம் 96,000. வீட்டு லோன் 38,500. பையன் மூன்றாவது படிக்கிறான். ஊரில் அப்பாவுக்கு மாதம் 8,000 அனுப்புகிறேன். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, முதல் சம்பளத்திலிருந்து தவறவில்லை. நான் கேட்பது அதற்கு மேலே கொடுப்பதைப் பற்றி. மனைவி போன வருஷம் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். கம்பெனியில் போன மாதம் எங்கள் பக்கத்து டீமை மொத்தமாகக் கலைத்துவிட்டார்கள்.

என் மனதில் வந்த தொகை ஒரு லட்சம். மனைவி சொல்வது இருபதாயிரம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நான் சொன்னால், "இ.எம்.ஐ. தேதி ஐந்து என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்கிறாள்.

மல்கியா 3:10-இல் "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று அவரே சொல்கிறார். மத்தேயு 4:7-இல் "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றிருக்கிறது. என் ஒரு லட்சம் இதில் எந்த வசனத்துக்குக் கீழே வரும்?


கிதியோன்_300
சனி, இரவு 11:41

பிரதர், கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தேவனே தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்ன விஷயம் காணிக்கை. கால்குலேட்டரைக் கீழே வையுங்கள். 2014-இல் எனக்கு மாதம் 18,000 சம்பளம். கையில் இருந்த 25,000-ஐ அப்படியே கொடுத்தேன். மூன்றாவது மாதம் புது வேலை, இரண்டு மடங்கு சம்பளம். அதே மல்கியா வசனம் சொல்கிறபடி வானத்தின் பலகணிகள் திறக்கும். முதலில் நம் கை திறக்க வேண்டும்.


பொருளாளர்_முன்னாள்
ஞாயிறு, காலை 6:05

தம்பி, நான் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு சபையில் பதினோரு வருஷம் பொருளாளராக இருந்தவன். உங்கள் கேள்விக்கு வசனம் சொல்ல நான் ஆள் இல்லை. காணிக்கைப் பையைக் கவிழ்த்தால் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் பின் அறையில் மேஜைமேல் பையைக் கொட்டுவோம். எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து ரூபாய் நாணயங்கள் நிறைய விழும், கடைக்காரர் வாங்க மறுத்ததெல்லாம் ஆண்டவரிடம் வந்துவிடும். டேப் ஒட்டிய இருபது ரூபாய் வரும். தபால்தலை அளவுக்கு மடித்த ஐம்பது ரூபாய் வரும், அதைப் பிரித்து நீவுவதே பெரிய வேலை. "மகளுக்கு வரன்", "விசா கிடைத்ததற்கு ஸ்தோத்திரம்" என்று கவர்மேல் பென்சிலில் எழுதியிருக்கும். இப்போது சுவரில் க்யூஆர் கோடு ஒட்டிவிட்டார்கள், இந்த மடித்த நோட்டுகள் குறைந்துபோயிருக்கும்.

அதில் ஒரு கவர். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வரும், பெயர் இருக்காது. உள்ளே ஒரு மாதம் 1,730 இருக்கும். அடுத்த மாதம் 1,415. மழைக்காலத்தில் 960. ஒரு டிசம்பரில் 2,205. ரவுண்டாக வந்ததே இல்லை. யாரோ தையல்காரரோ ஆட்டோக்காரரோ, அன்றன்றைக்கு வந்ததைக் கணக்குப் பார்த்து எடுத்து வைக்கிறார் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். யார் என்று கடைசி வரை தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயற்சி பண்ணவும் இல்லை. "தன்தன் வரவுக்குத்தக்கதாக" என்று 1 கொரிந்தியர் 16:2-ஐ யாராவது வாசித்தால் எனக்கு அந்தக் கவர்தான் ஞாபகம் வரும்.

இனி பொருத்தனைக் கார்டு. எங்கள் சபையிலும் ஒரு முறை கொடுத்தோம். எழுதிய தொகையைக் கூட்டிப் பார்த்துக் கமிட்டியில் கைதட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பாக்கிப் பட்டியலை என்னிடம் கொடுத்து, போன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். ஒருவர் நான் போன் பண்ணிய பிறகு சபைக்கே வரவில்லை. அவர் எழுதியது 50,000, கட்டியது 11,000. நல்ல மனுஷன், பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடுவார். அவரை 50,000 எழுத வைத்தது யார் என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்." பிரசங்கி 5:5. சரி, வசனம் சொல்ல மாட்டேன் என்றேன், இரண்டு சொல்லிவிட்டேன்.


ஆடிட்டர்_கம்மனஹள்ளி
ஞாயிறு, காலை 9:12

தொழில் புத்தி, மன்னிக்கவும். 80ஜி, அதாவது நன்கொடைக்கான வரிக்கழிவு, கிடைக்கும் என்று நம்பி யாரும் தொகையை ஏற்ற வேண்டாம். புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் ரசீதில் 80ஜி பதிவு இருக்கிறதா பாருங்கள், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் செல்லாது. அப்புறம், சம்பளத்தில் வரி பிடிக்கும் முன் பத்தா, பிடித்த பின் பத்தா என்று என்னிடமே கேட்கிறார்கள். அது என் இலாகா இல்லை.


மில்லர்ஸ்_ரோடு
ஞாயிறு, மதியம் 2:30

நான் இறையியல் படிக்கிறேன். கிதியோன் அண்ணன் மல்கியாவை எடுத்ததால் சொல்கிறேன்.

அந்த வசனத்திலேயே "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று காரணம் இருக்கிறது. அதில் வரும் பண்டசாலை என்பது தானியம் வைக்கிற இடம். ஆலய ஊழியம் செய்த லேவியருக்குச் சொந்த நிலம் கிடையாது, தசமபாகம் வரவில்லை என்றால் அவர்கள் பட்டினி. உபாகமம் 14-ஐ முழுதாக வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு தசமபாகத்தைக் குடும்பத்தோடு போய்த் தேவ சந்நிதியில் நீங்களே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். தூரமாக இருந்தால் அதை விற்றுப் பணமாக்கி, அங்கே போய் மனதுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடலாம். சபையார் கூடிச் சாப்பிடும் நம் அசனப் பண்டிகை மாதிரிதான். மூன்றாம் வருஷத்தின் முடிவில் ஒதுக்குவது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். இதில் எதிலும் கான்கிரீட் இல்லை.

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது 2 கொரிந்தியரில் இரண்டு அதிகாரம் எழுதுகிறார். பத்தில் ஒன்று என்ற பேச்சே அங்கே கிடையாது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்கிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்கிறார். ஒருவருக்குச் சகாயமும் கொடுக்கிறவருக்கு வருத்தமும் வருவதற்காக இதைச் சொல்லவில்லை, சமநிலைக்காகச் சொல்கிறேன் என்றும் தெளிவாக எழுதுகிறார்.

அண்ணன், இரண்டு வருஷம் கழித்துக் கொடுக்கப் போகும் ஒரு லட்சம் உங்களுக்கு "உள்ளது" தானா? வராத இன்க்ரிமென்டை நம்பி எழுதினால், நம்புவது கர்த்தரையா ஹெச்.ஆரையா?


கிதியோன்_300
ஞாயிறு, மாலை 4:18

தங்கை நன்றாகப் படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் சாறிபாத் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மா. மகனுக்கும் தனக்கும் கடைசிச் சாப்பாடு. எலியா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா என்றார். அவள் "உள்ளதின்படி" கணக்குப் பார்த்திருந்தால் பானை காலி. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையும் அப்படித்தான். ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும் போட்டாள். இயேசு தடுக்கவில்லையே.


மில்லர்ஸ்_ரோடு
ஞாயிறு, மாலை 4:50

தடுக்கவில்லை, சரி. ஆனால் மாற்கு 12:44-க்கு நான்கு வசனம் முன்னால் போங்கள். "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" என்று வேதபாரகரை, அதாவது யூத வேத போதகர்களை, இயேசு திட்டி முடித்த கையோடுதான் அந்த விதவை வருகிறாள். அடுத்த அதிகாரம் ஆரம்பித்ததும், சீஷரில் ஒருவன் தேவாலயக் கற்களைக் காட்டி வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்கிறார். அவளுடைய இரண்டு காசு போனது அந்தக் கட்டடத்துக்குத்தான். அவளை அவர் மெச்சினார் என்பதை நான் மறுக்கவில்லை. அதை வைத்துக் கட்டட நிதி கேட்பதுதான் எனக்கு இடிக்கிறது.


பழைய_கடன்காரன்
ஞாயிறு, இரவு 9:33

கிதியோன் அண்ணனின் சாட்சி உண்மையாகத்தான் இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் பலகணி திறக்காதவர்கள் மேடை ஏறிச் சாட்சி சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

2018. ஒரு கன்வென்ஷன் கூட்டம், மூன்றாவது நாள் இரவு. "உங்களுக்கு வலிக்கிற தொகையைக் கொடுங்கள்" என்றார் பிரசங்கியார். கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து 75,000 என்று கையைத் தூக்கினேன். கையில் இருந்தது 12,000. மறுநாள் கிரெடிட் கார்டில் எடுத்தேன். கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 42 ஆகிறது என்பதெல்லாம் பில் வந்த பிறகுதான் புரிந்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் அசல் அசையவே அசையாது. மனைவியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. தங்கைக்கு நர்சிங் இரண்டாம் வருஷ பீஸ் நான் கட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கட்ட முடியவில்லை. அவள் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் தாங்கமுடியவில்லை. மாற்கு 7-இல் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிக்கிறவர்களை ஆண்டவர் கேட்கிறாரே, அதைப் பின்னால் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். வலிக்கிற தொகையைக் கொடுத்தேன், உண்மை. வலித்தது எனக்கு இல்லை, தங்கைக்கு.

இப்போதும் கொடுக்கிறேன். கடன் வாங்கிக் கொடுப்பதில்லை, கீபோர்டு வாசிக்கும்போது கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு இரவு தூங்கி எழுந்து அதே தொகை மனதில் நின்றால் கொடுக்கிறேன்.


வெளியே_நிற்பவன்
ஞாயிறு, இரவு 10:02

நான் சபைக்குப் போவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒரு கேள்வி: மாடியின் மொத்தச் செலவு எவ்வளவு, யார் கான்ட்ராக்டர், வரவு செலவு எங்கே ஒட்டப்படும்? இதை யாருமே கேட்கவில்லையே.


பொருளாளர்_முன்னாள்
ஞாயிறு, இரவு 10:20

நல்ல கேள்வி. ஜார்ஜ் முல்லரை எல்லாரும் விசுவாச வீரர் என்பார்கள். பிரிஸ்டலில் 1836-இல் அனாதை இல்லம் தொடங்கி, மனுஷரிடம் பணம் கேட்பதில்லை என்று கடைசி வரை நின்றவர், பத்தாயிரம் பிள்ளைகளுக்கு மேல் வளர்த்தார். அவர் வருஷாவருஷம் கணக்கை அச்சடித்து வெளியிட்டதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஜெபமும் லெட்ஜரும் அவரிடம் ஒன்றாகத்தான் இருந்தன.


இழை_காவலர்
ஞாயிறு, இரவு 10:45

ஒரு பதிவில் போதகர் பெயரும் சபை பெயரும் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம், விஷயத்தைப் பேசுங்கள்.


சிவாஜிநகர்_ஆன்ட்டி
திங்கள், காலை 7:15

நான் கத்தோலிக்கம், இங்கே வரலாமா? எங்களுக்குப் பத்தில் ஒன்று என்று கறாராகக் கிடையாது பிள்ளே. திருச்சபையின் தேவைக்கு அவரவரால் முடிந்ததைச் செய்ய வேண்டும் என்பதோடு சரி. செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு எங்கள் பசிலிக்காவில் காவிச் சேலை கட்டிக்கொண்டு எத்தனை ஊரிலிருந்து நடந்து வருகிறார்கள் தெரியுமா? அவர்கள் கையில் இருப்பதெல்லாம் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பூச்சரம். யாரும் கார்டு கொடுத்து எழுது என்று சொன்னதில்லை. அதற்காக எங்களிடம் வசூல் இல்லையா என்று கேட்காதே, அது வேறு கதை.


மெதடிஸ்ட்_பேரன்
திங்கள், காலை 8:40

தாத்தா அடிக்கடி சொல்வது: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது, அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். வருமானம் ஏறியது, 28 ஏறவில்லை. எனக்கு இன்க்ரிமென்ட் வரும் வருஷமெல்லாம் என்னுடைய 28 தான் முதலில் ஏறுகிறது.


நீலசந்திரா_பொண்ணு
திங்கள், இரவு 9:58

இழை முழுக்கப் படித்தேன். கடன்காரன் அண்ணன் சொன்னதைப் படித்து அழுதேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனமாக இரு, கணக்குப் பார், 1 தீமோத்தேயு 5:8, வீட்டாரை விசாரி. எல்லாம் சரி. இதைச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் போன வருஷம் போன் மாற்றினோம்? அதற்கு இழை ஆரம்பித்துக் கேட்டோமா?

என் அம்மா ரிச்மண்ட் டவுனில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். வீட்டில் அரிசி களையும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பால்பவுடர் டின்னில் போடுவாள். டின் அடுப்புக்கு மேல் பலகையில் இருக்கும், மூடியில் ஆணியால் போட்ட சிலுவை. நாங்கள் ஐந்து பேர். அரிசி குறைவாக இருக்கும் நாளில் அந்தப் பிடியும் சின்னதாகும், ஆனால் விட மாட்டாள். ஒரு நாள் நான் எரிச்சலில், "நமக்கே பத்தலையே, சாமிக்கு எதுக்கு?" என்றேன். ஒன்பது வயது இருக்கும். அம்மா கையை என் முன்னால் மூடிக் காட்டினாள். "இவ்ளோதான்டி போகுது. இதனால நீ பட்டினி கிடந்தியா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், கிடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டின்னோடு போவோம். சபைப் பெண்கள் சங்கத்து அக்காக்கள் எல்லா அரிசியையும் ஒரு சாக்கில் கொட்டுவார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். அதை அந்த வாரம் கஷ்டத்தில் இருக்கிற வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு தடவை அந்தச் சாக்கு எங்கள் வீட்டுக்கே வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது.

என் ஆபீஸில் ஒரு மிசோரம் பொண்ணு. இதைச் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். அவர்கள் ஊரில் 1910-லிருந்து இதே பழக்கமாம், ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி சபைக்கு.

இப்போது எனக்கு அம்மா சம்பாதித்ததைப் போலப் பத்து மடங்கு வருகிறது. அம்மாவின் பிடி என்னிடம் இல்லை. "எமர்ஜென்சி பண்ட் ஆறு மாசத்துக்கு வைக்கணும்" என்று யூடியூபில் பார்த்தேன், வைத்தேன். பிறகு ஒன்பது மாசம் என்றார்கள், அதையும் வைத்தேன். அப்புறமும் பயம் போகவில்லை. என் பயத்துக்கு விவேகம் என்று பெயர் வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம்.

இன்னொன்று. இந்த ஊரில் வீட்டுக்குக் குடி வரும்போது பத்து மாச அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார் என்று ஒரு முன்பின் தெரியாத மனுஷரை நம்பித்தானே கொடுத்தேன்? அன்றைக்கு ஒரு இரவு தூங்கி எழுந்து யோசிக்கவில்லை. ஆண்டவர் என்றால் மட்டும் நமக்கு அக்ரிமென்ட் வேண்டியிருக்கிறது.

ஹொரமாவு அண்ணன், ஒரு லட்சம் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபதாயிரம் எழுதினால், அது ஏன் இருபது என்று உங்களுக்கே தெரிந்திருக்கட்டும்.


கிதியோன்_300
திங்கள், இரவு 10:30

ஆமென் சிஸ்டர்.

பழைய_கடன்காரன் பிரதர், உங்கள் தங்கை இப்போது என்ன செய்கிறாள்?


பழைய_கடன்காரன்
திங்கள், இரவு 10:37

முடித்துவிட்டாள். ஓமனில் இருக்கிறாள். சங்கிலியை மீட்டுக் கொடுத்ததே அவள்தான்.


ஹொரமாவுக்காரன்_வீட்டுக்காரி
செவ்வாய், மதியம் 12:10

வணக்கம். இதற்காகவே ஒரு கணக்குத் தொடங்கினேன். அவர் குளிக்கப் போனபோது லேப்டாப் திறந்து கிடந்தது, முழுதும் படித்துவிட்டேன். "இ.எம்.ஐ. தேதியைச் சொல்லிவிட்டீர்களா" என்று நான் கேட்டதை எழுதியவர் மூன்று விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்.

ஒன்று, ஒரு லட்சமும் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் பெயரை மாடிப்படிக்குப் பக்கத்தில் கருங்கல்லில் பொறிக்கப் போகிறார்கள். கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது. ஏன் தொண்ணூறாயிரம் மனதில் வரவில்லை, ஏன் ஒன்று பத்து வரவில்லை என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. பென்சிலில் எழுதி அழித்தது ஒன்றரை லட்சம், தடம் தெரிகிறது.

இரண்டு, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஜனவரியிலிருந்து 500 ரூபாய் கூட்டிக் கேட்கிறாள். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சொன்னது இவர். அவளுக்கும் ஒரு நீலசந்திரா பொண்ணு இருக்கிறாள். அன்றன்றைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடு என்பதும் இங்கே சொன்ன அதே உபாகமத்தில்தான் இருக்கிறது, 24:15.

மூன்று, நான் சொன்ன இருபதாயிரம் என் பழைய பள்ளிக்கூடத்தின் பி.எப். பணத்தில் மிச்சம். அதை அப்படியே கொடுத்துவிடலாம் என்றேன். அவர் வாக்குறுதி எழுதுகிறார், நான் கையில் இருப்பதைச் சொன்னேன். இங்கே எல்லாரும் என்னை நம்பிக்கை குறைந்தவள் என்று நினைத்திருப்பீர்கள்.


சிவாஜிநகர்_ஆன்ட்டி
செவ்வாய், மதியம் 12:22

அடி ஆத்தாடி. யாரும் அப்படி நினைக்கவில்லை கண்ணு.


ஆடிட்டர்_கம்மனஹள்ளி
செவ்வாய், மதியம் 12:40

ஒரு லட்சத்தில் கோடு போட்டால் 99,000 யாரும் எழுத மாட்டார்கள் என்பது கமிட்டிக்கும் தெரியும். அதற்காகத்தான் கோடு.


ஹொரமாவுக்காரன்
செவ்வாய், இரவு 11:50

அவள் எழுதியது எல்லாம் உண்மை. மதியத்திலிருந்து இந்தப் பக்கத்தைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

கல்லைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நியாயப்படுத்துவதற்காக இல்லை. ஊரில் எங்கள் கோயிலில் மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு கல் இருக்கிறது. உபயம் செய்தவர்கள் பெயர். என் அப்பா பெயர் அதில் இல்லை. அவர் அந்தக் கோயிலுக்கு மணல் சுமந்தவர். சின்ன வயதில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை விரலால் தடவி எழுத்துப் பழகியிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ. அப்பாவிடம் இன்று போனில் கேட்டேன், "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று. "மண்ணு சுமந்ததுக்குக் கூலி வாங்கினேனே, அப்புறம் எதுக்குப் பேரு?" என்றார்.

வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்பது எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும் ஒரு லட்சம் என்று இங்கே எழுதினேன்.


மில்லர்ஸ்_ரோடு
புதன், காலை 7:30

அண்ணன், உங்கள் முதல் கேள்விக்கு நான் வசனத்தில்தான் பதில் தேடினேன். அக்கா கார்டைத் திருப்பிப் பார்த்தார்கள்.


ஹொரமாவுக்காரன்
முதல் ஞாயிறு கழிந்து, திங்கள் இரவு 9:15

கேட்டவர்களுக்காக. கார்டு எழுதவில்லை. அவளுடைய இருபதாயிரத்தை அவள் நேற்றே கட்டிவிட்டாள். நான் மாதம் 3,000 தனியாகக் கட்டுகிறேன், வேலை முடியும் வரை. எங்கிருந்து என்று கேட்டால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினோம். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு ஜனவரியிலிருந்து பாக்கி சேர்த்துக் கொடுத்தோம், அது இந்தக் கணக்கில் இல்லை, அது கடன். அப்பா பணத்தில் கை வைக்கவில்லை. கார் வாங்க என்று நான் போட்டுவந்த ஆர்.டி.யை மூடினேன். மூடும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீலசந்திரா தங்கை கேட்டதற்காக.

பொருளாளரிடம் பெயர் வேண்டாம் என்றேன். "ரசீதுக்குப் பெயர் வேணுமே" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று போட்டுத் தந்தார். மொத்தச் செலவுக் கணக்கையும் கேட்டேன். கமிட்டியில் பேசிவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

இன்று காலை ஆபீஸில் எல்லாருக்கும் ஒரு மெயில். புதன்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங், கட்டாயம் வர வேண்டும், விஷயம் எழுதவில்லை. பக்கத்து டீமுக்கும் போன மாதம் இப்படித்தான் வந்தது. முதல் 3,000 நேற்றே போய்விட்டது. திரும்பக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.


கிதியோன்_300
திங்கள், இரவு 9:20

ஜெபிக்கிறேன் பிரதர். இந்தத் தடவை பலகணி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


சிவாஜிநகர்_ஆன்ட்டி
திங்கள், இரவு 9:41

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறேன். புதன்கிழமை முடிந்துவிடும், ஆனாலும் போகிறேன், நான் போகிற நாள் அதுதான். உன் பெயர் என்ன பிள்ளே? ஹொரமாவுக்காரன் என்று சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினால் அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்.